திடீரென்று அடிவயிற்றில் பிழிகிற வலி, ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். என்ன செய்வது?

மழைக்குருவி (இலங்கை மலையகம், தலவாக்கலை பக்கம்):
அக்காமார், தங்கச்சிமார், வெளியில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். வயது 31, ஒரு பிள்ளை, தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு இதுவரை ஐந்து தடவை, வலது பக்க அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி. சொல்லாமல் கொள்ளாமல் வரும், அரை மணி, சில நேரம் இரண்டு மணித்தியாலம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். கடைசியாக வந்தது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது. அகப்பையைப் போட்டுவிட்டு அந்தச் சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தவள் எழும்பவே முடியவில்லை, ஒரு வாண்டு வந்து "டீச்சருக்குக் காய்ச்சலா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வலி போய்விட்டது. சிறுநீர், இரத்தம், வயிற்றுக்கு மேலால் ஒரு ஸ்கேன், எல்லாம் நோர்மல். கேஸ்ட்ரிக் குளிசை தந்தார்கள். இரண்டாவது தடவை பார்த்தவர் "வீட்டில் ஏதாவது பிரச்சினையா" என்றார். பிரச்சினை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? மாமி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார், நெடி வரவில்லை, பார்த்தாயா கண்ணூறுதான் என்று அவருக்குத் திருப்தி.

வலி வருகிற நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுத்து யாரிடம் போவது? சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று.

கொட்டகலை_கோகி:
பெரிதுபடுத்தவில்லை. அதை முதலில் தலையிலிருந்து எடுத்துப் போடுங்கள். எனக்கும் ஆறு வருஷம் "நோர்மல், நோர்மல்" என்றுதான் சொன்னார்கள். கடைசியில் வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு கெமரா விட்டுப் பார்த்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உட்சுவர் மாதிரியான திசு வெளியில், சூலகத்தில், குடல் பக்கத்தில் எல்லாம் வளர்கிற நோய். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறதாம், ஆனால் சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெரியாது. உங்களுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வயிறும் சுத்தம் என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உதவியது ஒரு நகைக்கடைக் கலண்டர். வலி வந்த நாளில் சிவப்பு வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மாதவிடாய் தொடங்கி எத்தனையாவது நாள், வாந்தி வந்ததா, மலம் போகும்போது வலித்ததா, கணவரோடு சேரும்போது வலித்ததா (எழுதத்தான் வேண்டும், கூச்சப்பட்டால் நமக்குத்தான் நஷ்டம்). மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களைக் கிழித்து மடித்துக் கொண்டுபோய் வி.ஓ.ஜி. டொக்டரின் (மகப்பேறு, பெண் நோய் நிபுணர்) மேசையில் வைத்தேன். வட்டம் எல்லாம் மாதவிடாய்க்கு முந்தின இரண்டு நாளிலேயே கூடிக் கிடந்தது. அதுவரை என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது ஹோர்மோன் குளிசையில் இருக்கிறேன், முக்கால்வாசி வலி குறைந்திருக்கிறது.

வலி வரும்போது: இடது பக்கம் சரிந்து, முழங்காலை மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி வைப்பேன், வெறும் தோலில் வைத்து ஒரு தடவை கொப்பளித்துவிட்டது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட வேண்டும். பல்லைக் கடித்தால் கீழே இடுப்புத் தசையும் சேர்ந்து இறுகிவிடுகிறது, நான் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் போனது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
தங்கச்சி, கோகி சொன்னது சரி, ஆனால் போத்தலும் தலையணையும் எப்போது வேண்டாம் என்பதையும் தெரிந்துகொள். தோட்டப் பக்கம் 30 வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியவள் சொல்கிறேன்.

திடீர் அடிவயிற்று வலி என்றால் நாங்கள் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது குளித்தாய், அதாவது மாதவிடாய் எப்போது வந்தது? நாள் தள்ளியிருந்தால், அல்லது ஒழுங்கில்லாமல் கொஞ்சமாக இரத்தம் பட்டிருந்தால், பார்மசியில் சிறுநீர் சோதனைப் பட்டை வாங்கிப் பார். கரு குழாயில் தங்கிவிட்டால் குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் போகும், வெளியில் ஒரு சொட்டுதான் தெரியும். தலை சுற்றும், தோள்பட்டை நுனியில் வலிக்கும், மயங்கி விழுவாய். "எனக்கு எல்.ஆர்.டி. (குழாயைக் கட்டுகிற குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன்) செய்திருக்கிறது, பிள்ளை தங்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம்தான், தப்பித்தவறித் தங்கினால் குழாயில் தங்குகிற வாய்ப்பு கூடுதல்.

இரண்டாவது, சூலகம் முறுக்கிக்கொள்வது. பெரும்பாலும் அதில் ஒரு கட்டி இருக்கும், அந்தப் பாரத்தில் தன் காம்போடு சுற்றிவிடும். சில நேரம் தானாக அவிழும், வலி போய்விடும், அப்புறம் ஒரு நாள் மறுபடி சுற்றும். நீ சொல்கிற ஒரே பக்கத்து வலி, வந்து வந்து போவது, இதனால்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது. வாந்தியோடு வந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்காதே, அவிழாமல் இருந்தால் சில மணித்தியாலங்களில் சூலகமே செத்துப்போகும். குடல்வளரி வீங்கினாலும் இதே வலது பக்கம்தான். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மூத்திரத்தில் இரத்தம், இவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

இதெல்லாம் இல்லை, உன் வலி மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முந்தி வருகிறது என்றால் அது முட்டை வெளியாகிற நேரத்து வலியாகக்கூட இருக்கலாம், அது ஆபத்தில்லை. அதற்குத்தான் கலண்டர்.

மலையில் கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால்: போக இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். பலருடைய அடிவயிற்று வலி அங்கேதான் தொடங்குகிறது. கழிப்பறை கட்டித் தரச் சொல்லிக் கேட்பது வேறு சண்டை, அதையும் விடாதீர்கள்.

பச்சை_மலை:
ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? எங்கள் அம்மாயி ஓமத் தண்ணீர் தருவார், வாய்வு இறங்கினால் வலி போய்விடும். இல்லாவிட்டால் இரண்டு பொன்ஸ்டன் (வலிக் குளிசை) போட்டால் முடிந்தது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
ஓமத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், நானும் குடிப்பேன். பொன்ஸ்டன் வெறும் வயிற்றில் வேண்டாம், அல்சர் இருந்தால் வேண்டாம், பிள்ளை தங்கியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். பெனடோல் (பரசிட்டமோல்) ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது.

இரும்புப்பாலம்:
ஆண் பிள்ளை இங்கே எழுதலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். என் மனைவிக்கு அந்தச் சூலக முறுக்குதான் வந்தது. இரவு பதினொரு மணி, அடைமழை. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு போன் பண்ணினோம், காசு கேட்பதில்லை, வண்டியும் வந்தது, ஆனால் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வருகிற பாதை கல்லும் குழியும், பேக்டரி வாசலோடு நின்றுவிட்டது. கம்பளியில் படுக்க வைத்து நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம், என் தம்பி முன்னால் டோர்ச் அடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். சூலகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு முதல் மூன்று மாதம் அவள் "வலிக்கிறது" என்று சொன்னபோதெல்லாம் நான் போனைப் பார்த்துக்கொண்டே "படு, சரியாகிவிடும்" என்றவன். வண்டி எதுவரை வரும், யார் தூக்க வருவார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள் தங்கச்சி.

ஊவா_சாரல்:
இரண்டு விஷயம். மொழி. என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பேன். "யட்டி படே கெக்கும" என்றால் அடிவயிற்று வலி, "இந்தலா ஹிட்டலா" என்றால் விட்டு விட்டு, "ஹதிசியே" என்றால் திடீரென்று. நாம் வெறுமனே "பட ரிதெனவா" என்று வயிற்றைத் தடவினால் கேஸ்ட்ரிக் குளிசைதான் கிடைக்கும், சிங்களம் பேசுகிற டொக்டர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது.

மற்றது, எனக்கு வலி கருப்பையிலும் இல்லை, குடலிலும் இல்லை. ஒரு டொக்டர் ஒற்றை விரலால் வலிக்கிற புள்ளியை அழுத்திக்கொண்டு "தலையை மட்டும் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன், உயிர் போனது. உள்ளுறுப்பு வலி என்றால் வயிற்றுத் தசை இறுகும்போது குறையுமாம், கூடினால் தசையில் அல்லது அங்கே மாட்டிக்கொண்ட நரம்பில் இருக்கலாமாம். மரத்துப்போக ஊசி அடித்தார், கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. இப்படியும் ஒன்று இருக்கிறது என்று யாருமே சொல்வதில்லை.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. வாசித்துவிட்டு அழுதேன், அப்புறம் கலண்டரை எடுத்தேன். நினைவிருந்த வரை பின்னோக்கி வட்டம் போட்டுப் பார்த்ததில் மூன்று வட்டம் மாதவிடாய்களுக்கு நடுவில் விழுகிறது, மற்ற இரண்டு எதிலும் சேரவில்லை. சோதனைப் பட்டையில் ஒரு கோடுதான், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து மிட்வைஃபிடம் சொல்லி வி.ஓ.ஜி. கிளினிக்குக்குத் துண்டு வாங்கிவிட்டேன், நுவரெலியாவுக்கு, வருகிற வியாழன். இரும்புப்பாலம் அண்ணா எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாள் பக்கத்து லயத்து ஓட்டோக்காரருடைய நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்கேனுக்கு மூத்திரம் முட்ட முட்டப் போக வேண்டும் என்கிறார்கள். இங்கிருந்து அந்த வளைவுகளில் பஸ்ஸில் எப்படி?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
இங்கிருந்தே நிறைத்துக்கொண்டு போகாதே பிள்ளை. மேலால் பார்ப்பதென்றால்தான் நிறைந்திருக்க வேண்டும், உள்ளால், யோனி வழியாகப் பார்ப்பதென்றால் மூத்திரம் போய்விட்டு வரச் சொல்வார்கள். போத்தலில் தண்ணீரைக் கொண்டுபோய், எந்த ஸ்கேன் என்று அங்கே கேட்டுவிட்டுக் குடி. அதற்கு முதல் வலி வந்துவிட்டால் வியாழன் வரை இருக்காதே, வலியோடேயே போ.