நையாண்டி மேளத்தை இனி யார் கூப்பிடுவது?

மேலூர்க்காரன்:
எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலுக்கு இந்த முறை நையாண்டி மேளம் வேண்டாம், கேரளத்துச் செண்டை மேளம்தான் வேண்டும் என்று இளவட்டங்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம் என்று முழு செட் வந்த காலம் போய், இப்போது பாதி ஆளும் ஒரு கீபோர்டும்தான். உங்கள் பக்கமும் இப்படித்தானா? அப்புறம், புதுச் சினிமாப் பாட்டெல்லாம் இப்போது எங்கே கேட்கிறீர்கள்?

தவில்பிரியன்:
செண்டையைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரே மாதிரி வேட்டியில் வரிசையாக நின்றால் வீடியோவில் எடுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஆட்களுக்குச் சீசன் முடிந்தால் வருமானம் கிடையாது. மார்கழியில் நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொத்து வேலைக்குப் போகிறவரை எனக்கே தெரியும், அவர் பிள்ளை எதை நம்பிக் கற்கும்?

வைகைக்கரை:
முன்பு கரகாட்டத்துக்கு நடுவே மேளக்காரர் வாசித்துத்தான் புதுச் சினிமாப் பாட்டே எங்கள் தெருவுக்கு வரும். இப்போது ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரும் ரீல்ஸும், அதுவும் பல்லவி முடிவதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறோம். ஆனால் நம்ம மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை நான் முழுசாகக் கேட்டது யூடியூபில்தான்.

மேலூர்க்காரன்:
சரி, சாமி அழைப்புக்கு மட்டுமாவது நையாண்டி வைக்கப் பேசிப் பார்க்கிறேன். கீபோர்டு இல்லாத செட் யாருக்காவது தெரியுமா?