கறைக் கோட்டுக்கு மேலேயும் ஈரம்: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

கேட்டிக்காரன்:
2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். ஹூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டி எங்கள் வீடு. உள்ளே ஓரடித் தண்ணீர். வடிந்து, நாங்கள் திரும்பி வரச் சில நாள் ஆகிவிட்டது. மின்விசிறியை ஓடவிட்டால் காய்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

இங்கே உள்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தில் அறைந்த ட்ரைவால்: நடுவில் ஜிப்சம், இரு பக்கமும் காகிதம். பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு வந்து, வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைக் கோட்டுக்கு ஓரடி மேலே வெட்டிக் காட்டினார். உள்ளே திணித்திருந்த கண்ணாடிநார்ப் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. காகிதத்தின் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சை. திரி எண்ணெயை இழுப்பது போலப் பலகை தண்ணீரை மேலே இழுத்திருக்கிறது. வெளியே பெயின்ட் பளிச்சென்று இருந்தது!

வீடு முழுக்க நாலடி உயரத்துக்கு வெட்டினோம். பலகையின் அகலமே நாலடி, படுக்கைவாட்டில் அடித்திருப்பார்கள். கீழ்வரிசையை எடுத்துவிட்டுப் புதுசு பொருத்துவது சுலபம். ஈரமானியில் மரச்சட்டம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருந்தோம். அதுவரை படுக்கையறையில் உட்கார்ந்தால் கூடத்தில் நடப்பவர்களின் கால்கள் தெரியும்.

முடிச்சூர்வாசி:
எங்களுக்கு 2015 டிசம்பர், அடையாற்று வெள்ளம். செங்கல் சுவர் நின்றது, சரி. ஆனால் சமையலறை அலமாரி பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஊறிய ரஸ்க் போல உப்பி, தொட்டால் உதிர்ந்தது. ப்ளைவுட் கதவுகள் ஏடு ஏடாகப் பிரிந்தன. பாட்டி காலத்துத் தேக்கு பீரோவைக் கழுவி நிழலில் காயவைத்தோம். இன்றைக்கும் அதில்தான் துணி.

என் தப்பு அவசரம். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்தாக வேண்டும் என்று நின்றேன். "ஒரு கோடை போகட்டும் சார், சுவர் இன்னும் ஈரம்" என்றார் பெயின்டர். கேட்கவில்லை. சில மாதத்திலேயே, பெயின்டுக்கு முன் பூசிய பட்டி, அப்பளம் போலப் பொரிந்து, அடியில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அவரையே கூப்பிட்டேன். ஒன்றும் பேசாமல் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தது. பெயின்ட் டப்பாவை வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை, கிளம்பிவிட்டார்.