வீட்டுக் குழு: கலகலப்புக்கு ஆங்கிலத்தில் என்ன?

பாப்பு: அத்தை, அவசரம்! என் தோழி ஊர் மாறிப் போகிறாள். அவளுடைய ஆட்டோகிராப் நோட்டில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அவள் உள்ளே வந்தாலே வகுப்பு கலகலவென்று ஆகிவிடும். அதற்கு என்ன வார்த்தை போடலாம்? ஏற்கெனவே 15 பேர் 'ஆக்டிவ்' என்று எழுதிவிட்டார்கள்.

சித்தி: 'ஜாலி' என்று போடு கண்ணு.

அத்தை: ஜாலி பழைய வார்த்தை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 700 வருடம் ஆகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரை ஜாலி என்றால், கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி தொந்தி குலுங்கச் சிரிக்கிற ஆள்தான் கண்ணுக்குள் வருவார். 14 வயதுப் பெண்ணுக்குச் சரியாக வராது.

அப்பா: அக்கா, எங்கள் ஆபீசில் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் 'எந்தூசியாஸ்டிக்'தான்.

அத்தை: அது எங்கிருந்து வந்தது தெரியுமா தம்பி? கிரேக்கத்தில் 'என்தியோஸ்' என்றால் தெய்வம் உள்ளே இறங்கியவர். நம் ஊர்க் கொடையில் சாமி வந்து ஆடுவார்களே, அதுதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வார்த்தையைச் சொன்னால் வசவு, மதவெறி பிடித்தவர் என்று அர்த்தம். அப்படிச் சூடாக இருந்த வார்த்தை இன்று விண்ணப்பக் கடிதங்களில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. வேண்டாம்.

பாப்பு: 'பெப்பி'?

அத்தை: அமெரிக்க வார்த்தை, வந்து 100 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 'பெப்பர்' என்பதை வெட்டி 'பெப்' ஆக்கினார்கள், மிளகுக் காரம் மாதிரி சுறுசுறுப்பு. அந்தப் பெப்பர் லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னால் போனால் வடமொழிப் 'பிப்பலி'யில் வந்து நிற்கும். பிப்பலி என்றால் நம் திப்பிலி.

சித்தி: அண்ணி, சளிக்கு நாம் வைக்கிற திப்பிலி ரசமா!

அத்தை: அதே திப்பிலிதான். எனக்கு இந்த வார்த்தைகள் மேல் இவ்வளவு ஆசை வருவதே அதனால்தான். 'ஜெஸ்ட்' (zest) என்பதும் முதலில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல். நகத்தால் கீறினால் குப்பென்று வாசம் வருமே, அப்படி ஓர் ஈடுபாடு.

அப்பா: சாதாரணமாக 'சியர்ஃபுல்' என்று எழுதினால் என்ன?

அத்தை: நல்ல வார்த்தை. பழைய பிரெஞ்சில் 'சியர்' என்றால் முகம். ஆங்கிலத்திலும் முதலில் அதே பொருள்தான். 'குட் சியர்' என்றால் நல்ல முகம். நாம் முகமலர்ச்சி என்கிறோமே, இரண்டு மொழியும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன. ஆனால் பாப்பு, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் வந்து என்ன செய்வாள்? வகுப்பு எப்படிக் கலகலப்பாகிறது?

பாப்பு: பெஞ்சில் தாளம் போடுவாள் அத்தை. மதிய இடைவேளையில் ஒரு பாட்டை ஆரம்பித்தால் பின்வரிசை வரைக்கும் சேர்ந்து பாடுவோம்.

அத்தை: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! 'கிளீ' (glee) என்று எழுது.

பாப்பு: கிளியா?

அத்தை: கிளீ, நெடில். 1000 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் கிளீ என்றால் பாட்டு, இசை, விளையாட்டு, எல்லாம் சேர்ந்த கொண்டாட்டம். பாடிப் பிழைத்தவருக்குக் 'கிளீமேன்' என்று பெயர். பின்னாளில் பலர் சேர்ந்து பாடும் ஒருவகைப் பாட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது. 1787இல் லண்டனில் 'கிளீ கிளப்' தொடங்கினார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பாடகர் குழுக்கள் பலவற்றுக்கு இன்றும் அதுதான் பெயர். மகிழ்ச்சியும் பாட்டும் அந்த வார்த்தையில் அன்றே சேர்ந்திருந்தன.

அப்பா: அடுத்தவன் விழுந்தால் சிரிப்பதற்கும் பத்திரிகையில் இதைப் போடுகிறார்களே அக்கா?

அத்தை: போடுகிறார்கள். அதனால் பாப்பு, வெறுமனே கிளீ என்று விடாதே. பெஞ்சையும் தாளத்தையும் சேர்த்து எழுது, குழப்பம் வராது.

பாப்பு: எழுதிவிட்டேன் அத்தை. 'எங்கள் பெஞ்சுக்குக் கிளீ கற்றுக்கொடுத்தவளுக்கு' என்று வரும்படி ஆங்கிலத்தில் ஒரே வரி. கீழே பெஞ்சும் இரண்டு கைகளும் வரைந்திருக்கிறேன்.

சித்தி: படம் எடுத்துப் போடு கண்ணு, நாங்களும் பார்க்கிறோம்.