50-ஆவது பிரிவு: விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்று, மறுபடி கொடுக்கலாமா?

சட்டம் படித்தவர்கள் யாராவது உதவுங்கள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவு (ஓர் உறுப்பு நாடு ஒன்றியத்தை விட்டு விலகும் முறையைச் சொல்வது) பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

பிரிட்டன் 2017 மார்ச் 29 அன்று விலகல் கடிதம் கொடுத்தது. கெடு இரண்டு ஆண்டு. அதை நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். மூன்று முறை நீட்டித்து, கடைசியில் 2020 ஜனவரி 31-இல்தான் வெளியேறினார்கள். இதுவரை சரி.

ஆனால் 2018 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வெளியேறும்வரை அந்த நாடு யார் சம்மதமும் இல்லாமல் கடிதத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. திரும்பப் பெறுவது ஐயத்துக்கு இடமின்றியும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் ஒரு நாடு திரும்பப் பெற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் புதுக் கடிதம் கொடுத்தால்? கெடு முதலிலிருந்து ஓடுமா, அல்லது முன்பு திரும்பப் பெற்றது வெறும் நாடகம் என்று தள்ளிவிடலாமா? எனக்கென்னவோ இது பெரிய ஓட்டையாகவே தெரிகிறது.

அப்புறம் இன்னொன்று. 'தன் அரசியலமைப்பு விதிகளின்படி' விலகலாம் என்கிறது பிரிவு. நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று 2017-இல் சொன்னது பிரிட்டன் உச்ச நீதிமன்றம். அந்த ஒப்புதல் இல்லாமலே கடிதம் போயிருந்தால், ஒன்றியம் அதை ஏற்றிருக்க வேண்டுமா?

தீர்ப்பின் பத்தி எண்ணோடு பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.