மறு: எலிக்காய்ச்சல் வேண்டாம், எலிக்கடிக் காய்ச்சல்

> கடிபடாமலும் வரும் நோய்க்குக் "கடி" என்று பெயர் வைப்பானேன்? சுருக்கமாக "எலிக்காய்ச்சல்" என்றே விட்டுவிடலாமே.

வணக்கம் ஐயா,

நாம் தமிழ்ப் பெயர் தேடுவது எலியிடமிருந்து, பெரும்பாலும் கடியால், தொற்றும் rat-bite fever என்ற நோய்க்கு. எலிக்காய்ச்சல் என்ற பெயரோ லெப்டோஸ்பைரோசிஸ் என்ற வேறொரு நோய்க்கு எப்போதோ போய்விட்டது. இலங்கையில் வயலில் இறங்குபவர்களைக் கேட்டாலே தெரியும். சேற்றிலும் வெள்ளநீரிலும் கலந்த எலிச் சிறுநீரால் வருவது அது. முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். நம்முடையது வேறு. பெரும்பாலும் கடித்த காயம் ஆறியபின் திடீரென்று குளிர்காய்ச்சல், வாந்தி, மூட்டுவலி, கைகால்களில் தடிப்பு. அங்கே மருத்துவர் கேட்க வேண்டியது "தண்ணீரில் இறங்கினீர்களா?", இங்கே "எலி கடித்ததா, வீட்டில் எலி வளர்க்கிறீர்களா?". இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை.

"கடி" பற்றிய உங்கள் தடை நியாயமானதே. நகக்கீறலாலும் தொற்றும். 1926 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹேவர்ஹில் ஊரில் காய்ச்சாத பால் வழியாகவே பரவியது. ஆனால் அந்த வகைக்கு ஹேவர்ஹில் காய்ச்சல் என்று தனிப்பெயரே உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி நாய்க்கடி, பாம்புக்கடி வரிசையில் எலிக்கடி இயல்பாக உட்காருகிறது.

> ஜப்பானியர் சொடோகு என்கிறார்கள், அதாவது எலி நஞ்சு. "எலிநஞ்சுக் காய்ச்சல்" எப்படி?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எலிநஞ்சு என்றதும் நம் ஆட்களுக்குக் கடையில் விற்கும் எலிமருந்துதான் நினைவுக்கு வரும். தவிர, இது பாக்டீரியா நோய். பெனிசிலினுக்குக் கட்டுப்படும், மருந்தில்லாமல் விட்டால்தான் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், உட்பிரிவு. ஸ்ட்ரெப்டோபாசில்லஸ் மோனிலிஃபார்மிஸால் வருவதைக் "கோலுயிரி வகை" என்றும், ஸ்பைரில்லம் மைனஸால் வருவதைச் "சுருளுயிரி வகை" என்றும் குறிக்கலாம். பிரிப்பது வெறும் சொல்லாசைக்காக இல்லை. முன்னது பெரும்பாலும் 3 முதல் 10 நாளில் தெரிந்துவிடும். ஆசியாவில் அதிகம் காணப்படும் பின்னதற்கு 1 முதல் 3 வாரம் ஆகலாம். ஆறிய காயம் மறுபடி வீங்கிப் புண்ணாகும், மூட்டுவலி அவ்வளவாக இருக்காது. சொடோகு என்ற பெயரும் இந்த வகைக்கே உரியது. பாக்டீரியாக்களின் லத்தீன் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவோம், ஆய்வகச் சீட்டில் அவைதான் வரும்.

"எலிக்கடிக் காய்ச்சல்", நடுவில் க் விடுபடாமல். வேறு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.