மறு: ‘ஃப்ரீஸ் டிரை’ புழுவுக்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மீனுக்கு உணவாகப் போடும் ‘ஃப்ரீஸ் டிரை’ (உறையவைத்து உலர்த்திய) புழுவுக்கு இந்த இழையில் உலர்புழு, குளிர் உலர்த்தல், பதங்க உலர்த்தல், பனியுணங்கல், உறையுலர் என்று பல சொற்களை முன்வைத்திருக்கிறீர்கள். வீட்டில் மூன்று மீன்தொட்டி வைத்திருப்பவன் என்பதால் இந்தச் சொல்லில் எனக்கு அக்கறை அதிகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

> ‘உலர்புழு’ என்றாலே போதுமே?

போதாது ஐயா. நான் முதலில் வாங்கிய டப்பாவில் ‘உலர்ந்த புழு’ என்றுதான் ஒட்டியிருந்தது. வெயிலில் காயவைத்தது என்று நினைத்து, ஒரு கட்டியை அப்படியே உதிர்த்து ஃபைட்டர் மீனுக்குப் போட்டேன். பஞ்சு போல எடையே இல்லாததால் எவ்வளவு போடுகிறேன் என்று கைக்குத் தெரியவில்லை. மிதந்ததையெல்லாம் அது விழுங்கிவிட்டது. மறுநாள் வயிறு உப்பிப் போய் ஒரு மூலையில் கிடந்தது. இரண்டு நாள் பட்டினி போட்ட பிறகுதான் தேறியது. அப்புறம் மழைக்காலத்தில் மூடியைச் சரியாக மூடாமல் விட்டேன், மீதிப் புழு ஈரம் இழுத்து நாற்றமெடுத்தது. என்ன பொருள் என்று பெயரே சொல்லியிருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

வெயிலில் காயும்போது நீர் திரவமாக இருந்து ஆவியாகிறது. உடல் சுருங்கி இறுகுகிறது. ‘ஃப்ரீஸ் டிரை’ முறையில் புழுவை முதலில் உறையவைக்கிறார்கள். பிறகு வெற்றிடக் கலத்தில் வைத்து அழுத்தத்தை 611 பாஸ்கலுக்கும் கீழே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் கீழே, கொண்டுபோகிறார்கள். அங்கே பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிவிடும். பனி இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்க, புழுவின் வடிவம் அப்படியே மிஞ்சுகிறது. அதனால்தான் தண்ணீரைக் கண்டதும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிண்ணத்தில் வெயிலில் காய்ந்த சென்னாக்கூனியையும் (சிறு இறால்) இன்னொன்றில் இந்த முறையில் உலர்த்திய டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய புழுக்களின் கட்டியையும் ஊறப்போட்டுப் பாருங்கள். கட்டி சில நிமிடங்களில் மெத்தென்று இழை இழையாகப் பிரியும். கூனி விறைப்பாகவே கிடக்கும்.

இனி சொற்கள். ‘குளிர் உலர்த்தல்’ குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காயவைப்பதாகத் தோன்றச் செய்கிறது. ‘பதங்க உலர்த்தல்’ அறிவியல்படி மிகச் சரி. கற்பூரத்தை வைத்துப் பள்ளியில் படித்த அதே பதங்கமாதல்தான் இங்கும் நடக்கிறது. ஆனால் சென்னையில் வளர்ப்பு மீன் விற்கும் கொளத்தூர்க் கடையில் நின்று மீன் வாங்குகிறவர் வாயில் அது நிற்காது. ‘பனியுணங்கல்’ சொன்ன அம்மாவுக்கு என் வணக்கம். காயவைத்ததைக் குறிக்கும் உணக்கல் சங்கப் பாட்டில் வரும் சொல், எனக்கும் ஆசைதான். இன்று பலருக்கு அகராதி தேவைப்படும் என்பதே தயக்கம்.

‘உறையுலர்’ என்பதை நானும் முதலில் ஆதரித்தேன். செய்முறைக்கு ‘உறையுலர்த்தல்’ நல்ல பெயர். தட்டம்மைத் தடுப்பூசி மருந்து தூளாக வருவதும் இதே முறையில்தான். அங்கெல்லாம் இது பொருந்தும். ஆனால் ‘உறையுலர் புழு’ என்று ஒரு பொட்டலத்தின் மேல் அச்சிட்டால், உறை என்பதை அந்தப் பொட்டலமாகவே படிப்பார்கள். என் மனைவி அப்படித்தான் படித்தார்.

ஆகவே, செய்முறை உறையுலர்த்தல் ஆகவே இருக்கட்டும். அப்படிச் செய்த உணவுப் பொருளுக்கு பனிவற்றல் என்று முன்வைக்கிறேன். வற்றல் நம் அடுப்படிச் சொல். நீர் போய்விட்டது, வைத்திருந்து பயன்படுத்தலாம், ஈரம் படக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. முன்னால் பனி வந்ததும், வெயில் வற்றல் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

> பனி என்றால் மார்கழிப் பனிதானே நினைவுக்கு வரும்?

வரும். ஆனால் பனிக்கட்டி, பனிக்கூழ் இரண்டிலும் பனி உறைந்ததைத்தானே குறிக்கிறது? ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரை வெளியேற்றிக் காயவைத்து ‘சுன்யோ’ செய்கிறார்கள். அங்கே வெற்றிடக் கலம் கிடையாது, ஆனாலும் அதைப் பனிவற்றல் என்றால் பொருள் அப்படியே நிற்கிறது. இந்த முறையில் உலர்த்திய உடனடிக் காபித் தூளுக்கும் ஸ்ட்ராபெரிக்கும்கூடச் சரிவரும்.

> வற்றல் என்றால் காய்கறி, புழுவோடு சேர்த்தால் முகம் சுளிப்பார்கள்.

இந்தத் தடையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வாங்குவது மீனுக்கு. புழு என்ற சொல்லே தயக்கம் தராதவருக்கு வற்றல் தராது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, டப்பாவில் போடும் வாக்கியமாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம்:

“பனிவற்றல் புழு. ஒரு சிட்டிகை எடுத்து, தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடவும். வாரம் இரண்டு முறை போதும். ஈரக்கை படக்கூடாது.”

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். கடைகளில் ‘ப்ளட் வோர்ம்’ என்று விற்பது உண்மையில் கடிக்காத ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் இளம்பருவம். கொசுப்புழு என்று சொல்லிப் பழகிய நமக்கு அதையும் புழு என்பதில் சிக்கல் இல்லை. ‘செம்புழு’வா ‘இரத்தப்புழு’வா என்பதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.