“நிட்பிக்கிங்”னு திட்டினாரு, நான் தேங்க் யூ சொல்லிட்டேன்

தராசு கிராணி:
ரெண்டு மாசமாச்சு, இன்னும் உறுத்துது. செம்பனை மில்லுல எடை எழுதுற கிளார்க்கு நான். தராசு கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், லோரி தராசு மேல ஏறும், எடை போட்ட டிக்கெட் வரும். அன்னிக்கு டிக்கெட்ல 12.84 டன், புக்குல 12.48. கொண்டுபோய் காட்டினா மேனேஜர் தலையகூட தூக்காம “வெரி நிட்பிக்கிங் லா யூ”ன்னாரு. பிக்குன்னா பொறுக்குறது தானே, தப்ப நல்லா பொறுக்கிட்டேன்னு பாராட்டுறாரோன்னு நெனச்சு “தேங்க் யூ சார்”னு பல்ல இளிச்சேன். அவரு எழுதிட்டிருந்த பேனா அப்படியே நின்னுச்சு.

லயத்துப் பொண்ணு:
360 கிலோ ஈரா? அது பேன்கூட இல்ல, பெருமாளு! நிட்டுன்னா பேன் முட்டை, நம்ம ஈருதான். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல லயத்து வீட்டு வாசப்படியில அம்மா என்னைய முட்டிக்கு நடுவுல அமுக்கி வச்சுக்கிட்டு ஈருகொல்லியால இழுப்பாங்க, பொடுகுன்னா உதிரும், ஈரு பசை போட்ட மாதிரி முடியிலயே ஒட்டிக்கும், ஒண்ணொண்ணா நகத்தால உருவி ரெண்டு கட்டவிரல் நகத்துக்கு நடுவுல வச்சு நசுக்கினா ‘டொக்’. விட்டா ஒரு வாரம் பத்து நாள்ல பொரிச்சிடும். எவ்வளவு நல்ல வேலை, அத போய் வசவாக்கிட்டாங்களே.

பழைய மண்டோர்:
தங்கச்சி, வசவு பேன் பாக்குறவங்களுக்கு இல்லமா, பெரிய வேலைய விட்டுட்டு சில்லறைய நோண்டுறவனுக்கு. 1950கள்ல அமெரிக்காவுல பொழங்க ஆரம்பிச்ச பேச்சு. அடுத்தவன் வாதத்துல ஓட்டை பாக்குறதுக்கு ‘பிக் ஹோல்ஸ்’னு வேற இருக்கு, ரெண்டையும் கொழப்பாதீங்க. நானும் ஒரு இண்டர்வியூல “ஐ ஆம் குட் இன் நிட்பிக்கிங்”னு பெருமையா சொன்னவன்தான், வேலை கெடைக்கல. அத விடு. தம்பி கிராணி, இனிமே டிக்கெட்ட போன்ல படம் புடி, தேதி, டைம், லோரி நம்பர் மூணும் தெரியணும், வாயால சொல்லாத வாட்சப்ல போடு, ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண வீட்ல வையி, கார் டேஷ்போர்டுல மட்டும் வைக்காத, அந்த வழவழ பேப்பரு சூட்டுல எழுத்தே தெரியாமப் போயிடும், அப்புறம்…

தராசு கிராணி:
அண்ணே, படமெல்லாம் இருக்கு. புக்கையும் மறுநாளே யாரோ சத்தமில்லாம திருத்திட்டாங்க. என்னைய பாத்தாத்தான் ஆபீஸ்ல இன்னும் “வா தேங்க் யூ சாரு”ங்கிறானுங்க.